குளவி அடைத்த பெட்டி

"என் கையால போட்டேன் சார், என் கையால..."

"பெட்டியில இல்லாததை நான் எங்கேருந்தும்மா..."

"மடிச்சுக்கூடப் போடல, நீளவாக்குல அப்படியே..."

"...எடுத்துக் காட்டறது? நேத்து தொறந்தப்ப நீங்களும் இங்கதானே நின்னீங்க? சீல் உடைஞ்சிருந்துதா? சொல்லுங்க, உடைஞ்சிருந்துதா?"

"உடையல. அதைத்தான் நானும் கேக்கறேன். சீலை உடைக்காம எப்படித் திருடினீங்க?"

வனத்துறை ரேஞ்சர் தன் ஆபீஸ் மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டீ கிளாஸ் துள்ளி, திட்ட வரைபடத்தின் மேல் கவிழ்ந்தது. மலைச்சரிவு முழுக்க டீ ஓடியது.

"பாத்தீங்களா அண்ணி," என்றான் கொழுந்தன், சுவரில் சாய்ந்தபடியே. "மரம் வெட்டறதுக்கு முன்னாடியே சரிஞ்சு வருது."

"தம்பி, வாயை மூடு" என்றாள் அண்ணி. ஆனால் அவளும் அந்த டீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடத்தில் அது நேராக மேட்டுத் தெருவுக்குத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியிருக்கும் ஒரே பெண்பிள்ளை அவள். புருஷனின் தம்பிதான் உதவியாளன். அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தபால்காரர் முதல் போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். இன்று காலை நிலையம் திறக்கும் முன்பே, பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண் வாசலில் நின்று, "அண்ணி, எங்க தெருவையே ஏமாத்திட்டாங்க" என்று சொன்னபோது அண்ணிக்குக் கோபம் வரவில்லை. இங்கே வந்து, ரேஞ்சர் பேசுகிற பேச்சைக் கேட்ட பிறகுதான் வந்தது.

விஷயம் இதுதான். மேட்டுத் தெருவுக்கு மேலே இருப்பது பொதுக் காடு. நெருக்கியடித்து நிற்கும் மரங்களில் பாதியை வெட்டிக் குறைத்தால் தீப்பிடித்தாலும் பரவாது என்று ரேஞ்சர் ஒரு திட்டம் போட்டிருந்தார். திட்டத்தில் தப்பில்லை. ஆனால் அந்தப் பாதியில், தெருவின் தலைக்கு மேலே செங்குத்தாக நிற்கும் சரிவும் சேர்ந்திருந்தது. அந்த மரங்களின் வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. போன மழையில் புயலுக்கு ஓரமாக நாலைந்து மரம் விழுந்ததற்கே சேறு வேன்காரியின் சமையலறைச் சுவர் வரை வந்து நின்றது.

பொதுக் காடு என்பதால் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் கேட்கப் பெட்டி மாட்ட வேண்டும், வருகிற ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ரேஞ்சர் பதில் சொல்ல வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் கையெழுத்துதான் பாக்கி. கெடுவுக்குள் ஆட்சேபம் போடாதவர்கள் பிறகு எங்கே போய்க் கத்தினாலும் செல்லாது. இன்று சாயங்காலக் கூட்டத்தில் கையெழுத்து. நாளைக் காலையில் மரம் அறுக்கும் சங்கிலிவாள் இறங்கும்.

பெட்டி இப்போது மேஜைமேல் திறந்து கிடந்தது. காலி.

"எல்லா வீட்டுலயும் எழுதினோம் அண்ணி. என் பொண்ணுகூட அவ நோட்டுலேருந்து தாள் கிழிச்சு எழுதினா. தெரு மொத்தமும் போட்டுட்டு, இப்ப ஒண்ணுமே வரலைன்னா? நாங்க என்ன காத்துலயா போட்டோம்?"

"காத்துல போட்டிருந்தாலாவது எனக்கு வந்திருக்கும்" என்றார் ரேஞ்சர்.

"நக்கலா சார்?" வேன்காரி ஒரு அடி முன்னால் வந்தாள். கழுத்தில் கயிற்றில் தொங்கிய வேன் சாவி மேஜை விளிம்பில் மோதிச் சத்தம் போட்டது. "உங்க வீடு எந்தப் பக்கம்? சமவெளியில. மண்ணு வந்தா உங்க கட்டிலையா மூடப்போகுது?"

அண்ணி இருவருக்கும் நடுவில் கையை நீட்டிப் பெட்டியை இழுத்துக்கொண்டாள். மரப்பெட்டி, தகர மூடி. மூடி முழுக்க வெயில் பட்டு வெளுத்திருந்தது. முன்பக்கம் கடிதம் போடுகிற வாய். அண்ணி வெளியிலிருந்து ஒரு விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. பெட்டியைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, உள்ள யாராவது குடித்தனம் இருக்காங்களா?"

"இருந்திருக்காங்கப்பா. வந்து பாரு."

வாயின் உட்புறத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மண்குளவி கூடு கட்டியிருந்தது. ஒரு விரிசல் இல்லை. அடைத்து மெழுகின மாதிரி.

"வாடகை இல்லாம ஜம்முனு கட்டியிருக்கே" என்றான் கொழுந்தன்.

"ரேஞ்சர் சார், இதுக்குள்ள ஒரு தாள் போயிருந்தாலும் இந்தக் கூடு உடைஞ்சிருக்கும்" என்றாள் அண்ணி.

"அதைத்தானே நான் காலையிலேருந்து கத்தறேன்! இதுல யாரும் எதுவும் போடல!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?" வேன்காரியின் குரல் உடைந்தது. "இவர் வேற பெட்டியை மாத்தி வச்சிட்டாரு அண்ணி. ஸ்டோர் ரூம்ல பூட்டிக் கிடந்த பெட்டியை எடுத்து..."

"ஸ்டோர் ரூம்ல குளவிக்கு மண்ணு யார் கொண்டு வந்து கொடுத்தா?" அண்ணி நகத்தால் கூட்டை லேசாகச் சுரண்டினாள். விரல் நுனி செங்கல் நிறமானது. "உங்க தெருப் பக்கம் மண்ணு என்ன நிறம்மா?"

"கறுப்பு. ஓடை மண்ணு. பிள்ளைங்க வேன்ல ஏறினா சீட்டெல்லாம் கரிதான்."

"செம்மண் எங்க இருக்கு?"

"மேல் கேட்டுல" என்றார் ரேஞ்சர். "மலை ரோடு போய் முடியற எடத்துல. பெட்டியை அங்கதான் மாட்டினோம். அங்க மாட்டி, அங்கேருந்துதான் கழட்டினோம்."

"மேல் கேட்டா?" வேன்காரி திகைத்தாள். "நாங்க போட்டது கீழ, ஓடைப் பாலத்துக்கிட்ட!"

அண்ணி பெட்டியை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல" என்றாள் அண்ணி. "குளவி பக்கத்துல இருக்கற மண்ணைத்தான் எடுக்கும். செம்மண்ணுக்காக மலை ஏறாது, ஓடை மண்ணுக்காகப் பாலத்துக்கு இறங்காது. பெட்டி ஒண்ணு இல்ல. ரெண்டு."

ரேஞ்சருக்கு முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல? எங்க மேல தப்பே இல்ல. விதிப்படி திட்ட எல்லையில மாட்டினோம்..."

"இருங்க சார், சந்தோஷப்படாதீங்க." அண்ணியின் குரல் இறங்கியது. கோபம் ஏற ஏற அவளுக்குக் குரல் இறங்கும். கொழுந்தன் சுவரை விட்டு நிமிர்ந்து நின்றான். "மலை ரோட்டைத் தீ அபாயம்னு சங்கிலி போட்டு மூடினது யாரு?"

"நாங்கதான். கோடையில எப்பவும்..."

"பெட்டி தொங்கினப்ப ரோடு தொறந்திருந்துதா?"

ரேஞ்சர் கவிழ்ந்து கிடந்த டீ கிளாஸை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"மூடின ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் தொங்க விட்டுட்டு, 'ஆட்சேபமே வரல'ன்னு மேஜையைத் தட்டறீங்க. குளவியைத் தவிர யாரு வந்து போடுவா? உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"விதியில எல்லையிலன்னுதான்மா இருக்கு. ரோடு தொறந்திருக்கணும்னு இல்ல."

"விதியில இல்ல. உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?"

ரேஞ்சர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "ஆட்சேபம் போட்டாங்கன்னு எனக்குத் தெரியற மாதிரி ஏதாவது காட்டுங்க. நான் கையெழுத்துப் போடல. அந்தப் பாலத்துக்கு நானும் வரேன்" என்றார்.

*

நாலு பேரும் பள்ளிக்கூட வேனில் போனார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான சீட்டில் ரேஞ்சர் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். தூறல் பிடித்துக்கொண்டது.

"போச்சு" என்றான் கொழுந்தன். "இந்நேரம் எங்க ஆபீஸ்ல என் நாற்காலி நனைஞ்சிருக்கும். கூரை ஒழுகற ஒழுக்குல நான் ஒரு கையில குடை பிடிச்சுத்தான் டைப் அடிக்கறேன். கேஸ் கட்டெல்லாம் ஊறிப் போய், போன வாரம் ஒரு திருடன் பேரே அழிஞ்சு போச்சு."

வேன்காரி காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். "எங்க அண்ணனை அனுப்பறேன். கூரை வேலையில அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடை வாஷரை அவர் நம்பவே மாட்டார். பழைய சைக்கிள் ட்யூபை நட்சத்திரம் மாதிரி வெட்டி, ஆணிக்கு ஆணி அடியில வச்சுத்தான் அடிப்பாரு. வட்டமா வெட்டினா சுருங்கிடுமாம். என் பொண்ணு ரூமுக்கு அவர்தான் தகரம் போட்டாரு. அத்தனை மழையிலயும் ஒரு சொட்டு இறங்கல."

"அப்பேர்ப்பட்ட அண்ணனை இவ்வளவு நாள் ஒளிச்சு வச்சிருந்தீங்களே!"

"ஒளிக்கறதாவது! எங்க தெருச் சங்கத் தலைவரே அவர்தான். சாயங்காலம் பாருங்க, ரேஞ்சரைக் கிழிகிழின்னு கிழிக்கப் போறாரு."

"நான் இங்கதாம்மா உக்காந்திருக்கேன்" என்றார் ரேஞ்சர் பின்னாலிருந்து.

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் ஒற்றையடிப் பாதை ஓரத்தில் ஒரு பெரிய மரம். மார்பு உயரத்தில் மஞ்சள் பட்டை, வேரடியில் இன்னொரு மஞ்சள் பொட்டு. வெட்டுக்குக் குறித்த மரம். பெட்டி இல்லை.

"இங்கதான் இருந்துது! பச்சைப் பெயிண்ட் அடிச்சு, பாக்க ஆபீஸ் பெட்டி மாதிரியே இருந்துது. நாங்க ஆபீஸ்காரங்க மாட்டினதுன்னு நெனச்சோம்."

மரப்பட்டையில் இரண்டு ஆணிகள் மட்டும் தலை நீட்டிக்கொண்டு நின்றன. அவசரத்தில் பெட்டியைப் பிய்த்து எடுத்ததில், பச்சைப் பலகையின் சிராய் ஆணிகளுக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. ரேஞ்சர் குனிந்து பார்த்தார். பார்த்தவுடன் அவருக்கு வந்த கோபம், காலையில் மேஜையைத் தட்டியபோது வந்தது கோபமே இல்லை என்று சொல்ல வைத்தது.

"எவன்டா இது! எந்த மடப்பயல்டா! இரும்பு ஆணியை மரத்துல அடிச்சிருக்கான்! நாளைக்கு அறுக்கறவன் வாளை வச்சா என்ன ஆகும் தெரியுமா? சங்கிலி அறுந்து மூஞ்சியில பாயும்! எங்க ஆளு எவனும் இதைச் செய்ய மாட்டான். மரத்துல ஒரு நம்பர் தகடு மாட்டணும்னாலும் அலுமினிய ஆணிதான், வாள் பட்டா நறுக்குன்னு போயிடும். இது காட்டு வேலை பாக்கறவன் கையே இல்ல!"

"இப்ப உங்களை நம்பறேன் சார்" என்றாள் அண்ணி.

"எதனால?"

"இந்தக் கோபத்தை நடிக்க முடியாது."

வேன்காரி டூல்ஸ் பெட்டியிலிருந்து கொறடு எடுத்து வந்தாள். அவளே ஆணியைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தாள். முதல் ஆணி வந்தது. ஆணித் தலைக்கடியில் ஏதோ கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கட்டைவிரலால் சேற்றைத் துடைத்தாள்.

துடைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் வாய் அப்படித் தானாக மூடியதை அண்ணி அதுவரை பார்த்ததில்லை.

"பாலத்துக்கிட்ட பெட்டி இருக்குன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?" அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

வேன்காரி இரண்டாவது ஆணியையும் பிடுங்கி, இரண்டையும் அண்ணியின் கையில் வைத்தாள். கொறடைத் துடைத்து டூல்ஸ் பெட்டியில் அதன் இடத்தில் வைத்து, மூடியைப் பூட்டினாள்.

"ஏறுங்க. கூட்டத்துக்கு நேரமாச்சு."

வைப்பரைப் போட்டு வேனைக் கிளப்பினாள்.

*

கூட்ட மண்டபத்தில் உட்கார இடமில்லை. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார் தெருச் சங்கத் தலைவர். வெயிலில் கறுத்த பெரிய உடம்பு, கூரைமேல் நின்று கீழே இருப்பவனிடம் கத்திப் பழகிய குரல்.

"ஒரு தெருவே கொடுத்த ஆட்சேபத்தை விழுங்கிட்டு வந்து உக்காந்திருக்காங்க! இவங்களை நம்பி நாம என்ன பண்ண முடியும்? கத்தத்தான் முடியும். ஆனா கத்தினா சட்டப்படி செல்லாதாம்! பாத்தீங்களா அநியாயத்தை?"

கைதட்டல் தகரத்தில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருந்தது. அண்ணி நடுவழியாக மேடைக்குப் போனாள்.

"தலைவரே, ஒரு சின்ன சந்தேகம். பெட்டி எங்க இருந்துது?"

"ஓடைப் பாலத்துல. ஊருக்கே தெரியும்."

"ரேஞ்சர் பெட்டி மேல் கேட்டுல தொங்கியிருக்கு. குளவி கட்டின செம்மண் கூடு அதுல இருக்கு. ஆபீஸ் மேஜைமேல யாரு வேணா போய்ப் பாக்கலாம். அப்ப பாலத்துல தொங்கினது யாரோட பெட்டி?"

தலைவர் ஒரு கணம்தான் தடுமாறினார். "பாத்தீங்களா! ரெண்டாவது பெட்டி வச்சு ஏமாத்தியிருக்காங்க! இவங்க சூழ்ச்சிக்கு..."

"மேட்டுத் தெருக்காரங்க மேல் கேட்டைத் தேடிப் போகக்கூடாது, ஆபீஸுக்கு நேரா வந்தும் குடுக்கக்கூடாது. அதுக்குத்தான் வழியிலயே ஒரு பெட்டி. நல்ல யோசனை" என்றாள் அண்ணி. "ஆனா ஆபீஸ்காரன் மரத்துல இரும்பு ஆணி அடிக்க மாட்டான். இதை அடிச்சவன் வேற தொழில் பாக்கறவன்."

ஆணிகளை அவள் மேடையில் வைக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரொட்டிக் கடைக்காரர் கையில் ஒன்றும், அவருக்கு அடுத்திருந்த டீச்சர் கையில் ஒன்றும் கொடுத்தாள்.

ரொட்டிக் கடைக்காரர் ஆணியைத் திருப்பிப் பார்த்தார். ஆணித் தலைக்கடியில், சைக்கிள் ட்யூபில் வெட்டின சின்னக் கறுப்பு நட்சத்திரம். அவர் தலையை உயர்த்தி மேடையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். ஆணி கை மாறியது. பாதித் தெருவுக்கு ஒரே கை போட்ட கூரை. யாருக்கும் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆணி போன வழியெல்லாம் பேச்சு அணைந்துகொண்டே போனது.

"மரத்துல மழை ஒழுகாது தலைவரே" என்றான் கொழுந்தன். அவன் சிரிக்கவில்லை. "அங்க எதுக்கு ரப்பர்? கை பழகிப் போச்சு, இல்ல?"

ரேஞ்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வெட்டறவங்க முகாமுக்கும் மரக் கிடங்குக்கும் கூரை போட்டுத் தரேன்னு என்கிட்ட வந்து நின்னவரு நீங்கதானே? திட்டம் எப்ப ஆரம்பிக்கும், எப்ப ஆரம்பிக்கும்னு வாராவாரம் கேட்டீங்களே!"

"ஆமாங்க, கேட்டேன்!" தலைவரின் குரல் மைக்கில்லாமலே மண்டபத்தை நிறைத்தது. "என்ன இப்போ? நாம தடுத்தா நிக்குமா? எழுதிப் போட்டா கேட்டுடுவாங்களா? எப்பவாவது கேட்டிருக்காங்களா? எப்படியும் வெட்டத்தான் போறாங்க. அந்த வேலையாவது நம்ம தெருவுக்கு வரட்டும்னு பாத்தேன். நம்ம பசங்களுக்குத்தானே..."

"எங்க கடுதாசியெல்லாம் எங்க?" பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். "என்ன பண்ணின?"

"அடுப்புலயா வச்ச?"

"என் பையன் எழுதினதையுமா?"

மண்டபம் மொத்தமும் எழுந்து நின்றது. நாற்காலிகள் கவிழ்ந்தன. ரேஞ்சர் மேஜையில் விரித்து வைத்திருந்த திட்டக் கட்டை மூடி, பேனாவைச் சட்டைப் பையில் சொருகினார்.

"இன்னிக்குக் கையெழுத்து இல்ல!" அவர் கத்த வேண்டியிருந்தது. "கெடு முதல்லேருந்து ஆரம்பிக்குது. பெட்டி பாலத்துல தொங்கும். நானே மாட்டறேன்."

"ரோட்டுச் சங்கிலியையும் கழட்டுங்க" என்றாள் அண்ணி, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்த வேன்காரியை. வழி விட்டவர்கள் ஒவ்வொருவராகக் கத்துவதை நிறுத்தினார்கள். ஆணிகளில் ஒன்று எப்படியோ சுற்றி அவள் கைக்கே வந்திருந்தது. மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள், கூரை வேலை நடக்கும்போது கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுப்பவள் பார்ப்பது போல.

தலைவர் மைக்கைத் தாழ்த்தினார். "நான் சொல்றதைக் கேளு. உன் வீடு வரைக்கும் மண்ணு வராது. நான் பாத்துட்டேன். அப்படி வந்தாலும்..."

அவள் கையைத் தூக்கினாள். அவர் நிறுத்தினார்.

"அண்ணே, என் பொண்ணு படுக்கற ரூமுக்கு மலைப்பக்கம் ஜன்னல் வச்சது நீதானே?"